கேரம் பலகைக்கு அடியில் ஒரு பல்பு

எங்கள் மலையில் கேரம் விளையாடுவது சேற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி. காலையில் பனி, மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடியும் பனி. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஒரு சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டால், அது காய்வதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் கேரம் பலகை மட்டும் காய்ந்து கிடக்குமா? பவுடரைத் தூவிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அது ஈரம் குடித்துக் கட்டிதட்டிப் போகும். ஸ்ட்ரைக்கரை எவ்வளவு வேகமாகச் சுண்டினாலும் பாதி வழியில் நின்றுகொள்ளும். கீழே ஈப்போவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எங்கள் பலகையில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு விரலை உதறிக்கொண்டே எழுந்து போவார்கள்.

அதனால் எங்கள் எஸ்டேட்டில் கேரம் என்றால் குறியைவிட விரல் பலம்தான் முக்கியம். அந்தப் பலம் எனக்கு இருந்தது. தேயிலை பேக்டரியில் டிரையர் பக்கம் வேலை எனக்கு. அரைத்த பச்சை இலை ஈரத்தோடு ஒரு பக்கம் உள்ளே போய், சூடான காற்றில் காய்ந்து, மறுபக்கம் கறுப்புத் தூளாக வந்து விழும். அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான். மூட்டை தூக்கித் தூக்கி விரல் எல்லாம் மரக்கட்டையாகிவிட்டது. கிளப்பில் என்னை எதிர்த்து உட்கார ஒரே ஓர் ஆள்தான், கிராணி. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, ஓய்வு வாங்கி, பக்கத்து டவுன் தானா ராத்தாவில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆபீஸில் இப்போது கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருக்கிறாள். ஆனாலும் எங்களுக்குக் கிராணி என்றால் அவர்தான். விட்டுக்கொடுக்கிற பழக்கமே இல்லாத மனிதர். தன் பேரனுக்குக்கூட ஓர் ஆட்டம் விட்டுக்கொடுக்காமல் அவனை அழவைத்து அனுப்பியவர் என்று ஊரில் பெயர்.

வீட்டில் என்னோடு ஆடுகிறவள் என் மனைவி. கல்யாணமான புதிதில் வாங்கிய பலகை. மகன் பிறந்து, வளர்ந்து, கிள்ளானுக்கு வேலைக்குப் போய், அவனுக்கும் கல்யாணமாகிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இத்தனைக்கும் என்னைவிட அவளுக்குத்தான் குறி சரியாக இருக்கும். பலகை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, எந்தக் காயில் எங்கே பட்டால் எது குழியில் விழும் என்று பார்த்து வைப்பாள். சுண்டினால் ஸ்ட்ரைக்கர் சொன்ன வழியில்தான் போகும். ஆனால் ஒரு சாண் தூரம் மிச்சம் இருக்கும்போதே நின்றுவிடும். பஸ் நல்ல பஸ், எண்ணெய்தான் இல்லை என்று நான் கிண்டல் செய்வேன்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் ஒங்கள ஜெயிக்கத்தான் போறேன், பாருங்க" என்பாள். எல்லோரும் சொல்கிற பேச்சுத்தான், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. விட்டுக்கொடுக்கக் கூடாது. எனக்கு எளிதாக ஒரு காய் இருந்து நான் அதைத் தவறவிட்டால் உடனே முகத்தைப் பார்ப்பாள். வேண்டுமென்று விட்டால் பலகையை லொங்காங்கில் தூக்கிப் போட்டுவிடுவேன் என்பாள். வீட்டுக்கு முன்னால் ஓடும் அந்தச் சாக்கடையில் அவள் கோபத்துக்குப் போன சாமான்கள் ஏற்கெனவே சில உண்டு, அதனால் நான் ஒழுங்காகவே ஆடினேன்.

அவள் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டுகிற வேலையில் இருந்தாள். பூவைத் தரம் பிரித்து, காகிதத்தில் சுற்றி, லோரி வருவதற்குள் பெட்டியில் அடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தது, அது சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வேலையை விட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தானா ராத்தா மருத்துவமனையில் டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைப்பார்கள். இடது கையில் சரிவரவில்லை என்று வலது கையில் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை விரல்கள் எப்போதும் சில்லென்று இருக்கும். கரண்டியைக் கொஞ்ச நேரம் பிடித்தால் நழுவிவிடும். தலைமுடியைப் பின்னிவிடக்கூட நான்தான்.

அவளை அதிகம் வருத்தியது வலி இல்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திடீரென்று நல்லவர்களாக மாறியதுதான். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கோழி அவள் கீரையைக் கொத்திவிட்டது என்று தெருவே கேட்கிற மாதிரி சண்டை போடுகிறவள். அவள் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோழிதானே அக்கா, மேயட்டும் என்றாள். என் மனைவி அன்று சாப்பிடவே இல்லை. மகன் போனில் தாயோடு மல்லுக்கட்டாமல் இருந்த நாளே கிடையாது. அவனும் எதைச் சொன்னாலும் சரிம்மா, சரிம்மா என்றான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்கூட சண்ட போட இந்த ஒலகத்துல ஒரு ஆள் இல்லாம போச்சுங்க."

நான் இருக்கிறேனே என்றேன். அப்படியானால் பலகையை எடுத்து வையுங்கள் என்றாள்.

எடுத்து வைத்தேன். அவள் முறை வந்தது. குனிந்து குறி பார்த்தாள், பழைய மாதிரியேதான். சுண்டினாள். ஸ்ட்ரைக்கர் அவளுடைய கோட்டைத் தாண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடியும் முயன்றாள். மூன்றாவது தடவை விரல் வலித்து முகம் சுருங்கியது. பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தாங்க முடியவில்லை. ஆட்டம் போனதற்காக இல்லை. நோய் என்று எவ்வளவோ போய்விட்டது, அதையெல்லாம் அவள் தாங்கினாள். என்னை ஒரு தடவை ஜெயிப்பது மட்டும்தான் அவளாகக் கேட்டு வைத்திருந்தது. அதுவும் நடக்காமலே போகப்போகிறதே என்றுதான்.

அவள் கைக்குப் பலம் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் பலகையிலிருக்கும் ஈரத்தை எடுக்க என்னால் முடியும் என்று தோன்றியது. ஈரத்தை எடுப்பதுதானே என் தொழில்? பவுடர் வழுக்குகிற மாதிரி பலகை காய்ந்துவிட்டால், தொட்டாலே ஸ்ட்ரைக்கர் ஓடும். நான் என்ன செய்தேன் என்றால், பலகையை பேக்டரிக்கே தூக்கிக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் கேட்டதற்கு வீட்டுச் சாமான் என்றேன். டிரையரின் பின்பக்கம், சூடான காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு வந்தேன். வாழ்நாள் முழுதும் இலையைக் காயவைத்தவனுக்கு, உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் அப்படியே காயவைக்கலாம் என்ற நினைப்பு.

மறுநாள் போய்ப் பார்த்தால் பலகை சுட்ட அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. பேக்டரியில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எங்களோடு வேலை செய்யும் பங்களாதேஷ் பையன்கள்கூடச் சிரித்தார்கள். அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்ததுபோல ஒரு மானக்கேடு எனக்கு நடந்ததில்லை. அவள் வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"தேயிலைன்னு நெனச்சு உள்ள தள்ளிட்டீங்களா? தூள் எங்க, பாக்கெட்டுல போட்டாச்சா?"

பலகையை மேசையில் போட்டுக் காய்களை வைத்தோம். எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து ஒரே மூலைக்குப் போய்க் குவிந்தன. நான் ஒரு யோசனை சொன்னேன். அந்தப் பக்கம் நீ உட்கார்ந்துகொள், பாதிக் காய் தானாகவே விழும் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்கு நீங்களே காயெல்லாம் பொறுக்கி என் மடியில போட்டுருங்களேன்."

அதற்குமேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன். வளைவின் உள்பக்கத்தில் ஈரத்துணியைப் போர்த்தி, அரிசி மூட்டையையும் அம்மிக்கல்லையும் மேலே ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அதைப் படியவைத்தேன். பிறகு பழைய பூக்கொட்டகையிலிருந்து கிடைத்த இரண்டு இரும்புச் சட்டங்களை அடியில் குறுக்கே வைத்துத் திருகாணி போட்டேன். பலகை நிமிர்ந்தது. வெற்றுக் கண்ணுக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. இனி அதற்கு இளஞ்சூடு வேண்டும், அடுப்புச் சூடு இல்லை, அடைகாக்கிற கோழியின் சூடு. அடியில் ஒரு பல்பு எரிந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அங்கேதான் இன்னொரு தொல்லை. இந்தக் காலத்துப் பல்பு எரியும், சுடாது. உள்ளே கம்பி சிவந்து எரிகிற பழைய பல்பு வேண்டும் என்று தானா ராத்தாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைப் பையன் நான் என்னவோ பெட்ரோமாக்ஸ் விளக்குக் கேட்ட மாதிரி முழித்தான். கடைசியில் வழி சொன்னது அவள்தான். செவ்வந்தித் தோட்டத்தில் பாத்திக்கு மேலே வரிசையாகப் பல்பு கட்டி இரவில் எரியவிடுவார்கள். பொழுது இன்னும் சாயவில்லை என்று செடியை ஏமாற்றினால்தான் தண்டு நீளமாக வளரும், அவசரப்பட்டுப் பூக்காது. அங்கே புதுப் பல்பு மாற்றிவிட்டார்கள், பழையது ஸ்டோரில் கிடக்கும் என்றாள். அவளே தோட்ட முதலாளி தவுக்கேயிடம் போனில் பேசினாள். அந்தச் சீனர் ஒரு பெட்டி நிறையப் பல்புகளைக் காய்கறி லோரியில் கொடுத்தனுப்பினார். என்னத்துக்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

கம்பளி போட்டு வைக்கும் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் தேயிலையை ஏற்றுமதி செய்த ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே வெள்ளிக் காகிதம் ஒட்டியது. கம்பளியை வெளியே எடுத்துவிட்டு, அடியில் ஓர் ஓடு வைத்து, அதன்மேல் பல்பைப் பொருத்தி, பக்கத்தில் காற்றுப் போக நாலு ஓட்டை போட்டேன். மேலே கேரம் பலகை. மத்தியானம் போட்டுவிட்டால் சாயங்காலம் கை வைத்துப் பார்க்கும்போது பலகை முழுதும் ஒரே சீராக இளஞ்சூடு இருக்கும். பவுடர் டப்பாவையும் அதன் மூலையிலேயே வைத்தேன். அவள் பழைய வேட்டித் துணியில் பவுடரைச் சலித்தாள். அந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. வளைந்த பலகையைச் சுமந்து வந்த மானக்கேடு போய்விட்டது.

முதல் ஆட்டத்தில் அவள் ஸ்ட்ரைக்கரை வைத்து, பயந்து பயந்து, விரலால் தட்டினாள். சுண்டக்கூட இல்லை. அது நேராக ஓடி எதிர்ச்சட்டத்தில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் தட்டினாள். காய் போய்க் குழியில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எத்தனையோ வருடமாக ஒரு சாண் தூரத்தில் நின்றுபோன குறியெல்லாம் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தன.

என் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. என் விரலுக்கு ஒரே வேகம்தான் தெரியும். நான் சுண்டியதும் காய் எகிறிச் சட்டத்தைத் தாண்டிப் போய் ஐஸ்பெட்டிக்கு அடியில் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் சாமி மேடையில் விளக்கைத் தட்டியது. மெதுவாக ஆட முயன்றால் குறி கோணிக்கொண்டது. முரட்டுப் பலகையில் பழகிய கை, இந்த வழுக்கலில் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது. நான் உயிரைக் கொடுத்து ஆடினேன். அவள் சிவப்புக் காயை எடுத்து, அதை அடுத்த காயால் உறுதி செய்து, ஆட்டத்தை முடித்தாள்.

நான் கைதட்டப் போனேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுக் குடுத்தீங்களா?"

இல்லை என்றேன். சாமி மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். சீக்காளிக்காகச் செய்த பொய்ச் சத்தியத்தைச் சாமி மன்னிச்சிரும்னு உங்களுக்குத் தெரியும் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தினேன். அவளும் கத்தினாள். அன்றைக்கு உண்மையிலேயே நல்ல சண்டை, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு ஆட ஆட நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை ஜெயித்தபோதும் சந்தேகம் கூடியது. இத்தனை வருடமாக ஜெயித்த கை, ஒரு பல்பு மாட்டியதும் மறந்துபோகுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கோபத்தில் நான் இன்னும் பலமாகச் சுண்டுவேன், காய் இன்னும் தூரமாகப் பறக்கும். நல்லா நடிக்கிறீங்க என்பாள். பலகையை எடுத்து அவள் கைக்கு ஏற்றமாதிரி செய்தது நான். செய்ததைச் சரியாகச் செய்துவிட்டேன். அதுதான் எனக்கு எதிராக நின்றது.

ஒருநாள் அவளே சொன்னாள். கிராணி அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், அவரை ஜெயித்தால் நம்புகிறேன் என்றாள். நான் அன்றைக்கே போன் செய்தேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை, ஆட வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கும் கேரம் ஆடி நாளாகியிருந்தது. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தங்கச்சியோடயா ஆடப்போறோம் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பெட்டிக்குள் எரியும் பல்பைக் குனிந்து பார்த்து, என்னய்யா, பலகைக்குக் குளிருதா என்று கேட்டார்.

அவர் அடித்த முதல் அடியிலேயே இரண்டு காய் பறந்தது. பிறகு சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், உட்கார்ந்த முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நெற்றியில் வேர்வை. எங்கள் ஊரில் ஒருவர் கேரம் ஆடி வேர்ப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் ஓர் அவசரமும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் காய் விழுந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்ன சொல்ல? பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை முகம். நம்பிவிட்டாள். நான் தேநீர் போட அடுப்பங்கரைக்குப் போனேன், போகும்போது எனக்குக் கண் கலங்கியிருந்தது.

தேநீரோடு திரும்பி வரும்போது கிராணி பேசிக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. ஒடம்பு சரியில்லாத ஆளு, எப்பவும் நாங்களே ஜெயிச்சா நல்லாவா இருக்கும்? போகட்டும்னு விட்டேன் லா. சந்தோஷமா இரு."

தேநீர் ஆறிவிடும், குடிங்க அண்ணே என்று மட்டும் அவள் சொன்னாள். அவர் போன பிறகு காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். நான் கத்தினேன். அந்த மனுஷன் பொய் சொல்கிறான், பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பொம்பளையிடம் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை என்றேன். அவள் டப்பாவை மூடினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சு செஞ்சிருக்கீங்க. நல்ல மனசுதான். விடுங்க."

நல்ல மனசு என்று அவள் சொன்னதுதான் எனக்கு அடி. அடுத்த தடவை அவளை டயாலிசிஸ் மிஷினில் விட்டுவிட்டு, கிராணி வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக்கடைக்கு நடந்தேன். அவரோடு இன்னும் சிலர் இருந்தார்கள். உண்மையைச் சொல்லுங்கள், தோற்றீர்களா, விட்டீர்களா என்று கேட்டேன். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, பொம்பளைப் பிள்ளையிடம் போட்டி போட்டு ஜெயித்து எனக்கு என்னய்யா ஆகப்போகிறது, விட்டுத்தான் கொடுத்தேன் என்றார். அத்தனை பேர் நடுவில் கேட்டது என் முட்டாள்தனம். வேறு என்ன பதில் வரும்? என் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் ஆடினோம். சாயங்காலமானால் நான் பலகையைத் தட்டிக் கூப்பிடுவேன், வந்து உட்காருவாள். குறி பார்க்கக் குனியமாட்டாள். ஏதோ எனக்குப் பொழுது போகட்டும் என்று தட்டுவாள். அப்படியும் பல தடவை அவள்தான் ஜெயித்தாள், ஆனால் யார் ஜெயித்தது என்றுகூடப் பார்க்காமல் எழுந்து போவாள். எங்கள் வீட்டில் விட்டுக்கொடுத்து ஆடியவர்கள் யாராவது உண்டென்றால் அந்த நாட்களில் அவள்தான்.

வருடக் கடைசி மழையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். மகன் வந்திருந்தான், அவன் சாப்பிடக் கீழே போயிருந்த நேரம். அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் எப்போதும்போலச் சில்லென்று இருந்தன.

"இப்பவாச்சும் சொல்லுங்க. விட்டுத்தானே குடுத்தீங்க?"

"இல்ல. சத்தியமா இல்ல. நீதான் ஜெயிச்ச."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சரி" என்றாள். மகன் அவளிடம் சொல்வானே, அதே சரி. எதிர்த்துப் பேசினால் இந்த ஆள் வருத்தப்படுவான் என்று சொல்கிற சரி. இரண்டு நாள் கழித்துக் காலையில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். மகனும் போனான், அவனுக்கு வேலை இருக்கிறது. வீட்டில் நானும் ஈரமும்தான். பல்பு போடாத பலகை பழையபடி சொரசொரத்துக் கிடந்தது. ஒரு மத்தியானம் மோட்டார் சத்தம் கேட்டது. கிராணி. சாவுக்கு வந்திருந்தார், கருமாதிக்கு வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், நீர் சொட்டச் சொட்ட நடுவீட்டில் நின்றார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் விட்டுக் குடுக்கல யா. ஆட முடியல. தங்கச்சி கை அப்படி இருந்துச்சு. நாலு பேருக்குத் தெரிஞ்சா வெக்கம்னு வாய்ல வந்தத சொல்லிட்டேன். ஒங்கிட்ட சொல்லணும்னு மனசு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அப்படி ஒரு கோபம். பிறகு அந்தக் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் காலுக்குள் இறங்கியது. எனக்கு இது தெரியாதா? நான்தானே எதிரில் உட்கார்ந்து தோற்றவன். இதை எதற்கு என்னிடம் வந்து சொல்கிறார்?

"அவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். நான் சுவரைக் காட்டினேன். அவளுடைய ஐசி, அதாவது அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருந்தோம். கவர்ன்மெண்டு ஆபீஸில் சிரிக்காதே என்று சொல்லி எடுத்த படம். கிராணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் போய் நின்றார். கை இரண்டையும் கூப்பிக்கொண்டார். தகரக்கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, நீதாம்மா ஜெயிச்ச" என்றார்.

கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை குரல் உடைந்து, அந்த வயதான மனிதர் தோள் குலுங்க அழுதுகொண்டே சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. மறுபடியும் சொல்லுங்கள் என்றேன்.